மறு: புரொவெனன்ஸ் – ஒரு சொல் போதாது

அன்புள்ள நண்பர்களுக்கு,

அருங்காட்சியகப் பொருள் எங்கிருந்து, யார் வழியாக வந்தது என்பதைக் குறிக்கும் 'புரொவெனன்ஸ்' (provenance) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன எழுதுவது என்று கேட்டிருந்தோம். வந்த யோசனைகளுக்கு என் பதில்:

> 'மூலம்' என்றே வைத்துவிடலாமே. சின்னச் சொல், எல்லாருக்கும் தெரிந்த சொல்.

எல்லாருக்கும் தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல். செப்புத் திருமேனியைப் பற்றிய குறிப்பில் 'மூலம்' என்று தொடங்கினால் படிப்பவர் மனம் மூலவர், உற்சவர் பக்கம் போய்விடும். மணிகள் என்றால் இன்னும் மோசம். ஒரு சூதுபவள மணிக்கு எது மூலம்? கல்லை வெட்டியெடுத்த இடமா, துளையிட்டு மெருகேற்றிய பட்டறையா, அகழாய்வில் அது வெளிப்பட்ட குழியா, அருங்காட்சியகத்துக்கு அதைக் கொடுத்தவரின் அலமாரியா? நான்கும் நான்கு ஊராக இருக்கலாம். மருத்துவப் பொருளை நான் எழுப்பவில்லை. சென்ற மடலிலேயே ஒருவர் எழுப்பிவிட்டார்.

> 'கைமாற்று வரலாறு' எப்படி?

கைமாற்று என்றால் திருப்பித் தர வேண்டிய கடன். சில அருங்காட்சியகங்களில் உள்ள சிலைகளுக்கு அது அழகாகப் பொருந்தும் என்றாலும், கலைச்சொல்லில் குத்தல் வைக்கக் கூடாது.

நாம் தேடுவது ஒரு சொல் அல்ல, இரண்டு. ஆங்கிலத்திலும் புரொவெனன்ஸ், புரொவீனியன்ஸ் (provenience) என்று இரண்டு உண்டு. ஒரு பொருள் யார் யார் கையில் இருந்து வந்தது என்பதற்குக் கலை வரலாற்றாளர்கள் முன்னதைச் சொல்கிறார்கள். மண்ணில் அது கிடைத்த துல்லியமான இடத்துக்கு அமெரிக்கத் தொல்லியலாளர்கள் பின்னதைச் சொல்கிறார்கள். பிரிட்டனில் பலர் இரண்டுக்கும் முன்னதையே வைத்துச் சமாளிக்கிறார்கள். இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒலிக்கும் இந்தச் சொற்களை மாற்றி எழுதாத மாணவரை நான் பார்த்ததில்லை. அந்தக் குழப்பத்தையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டுமா?

மண்ணில் இருந்த நிலைக்கு என் பரிந்துரை 'கிடக்கை'. இலக்கண உரைகளில் 'சொற்கிடக்கை' என்று படித்திருப்பீர்கள்: சொற்கள் எந்த வரிசையில், எதை அடுத்து எது கிடக்கிறது என்பது. தொல்லியலாளர் குறிப்பதும் அதுதான். எந்தக் குழி, எத்தனை ஆழம், எந்த மண்ணடுக்கு, பக்கத்தில் என்ன இருந்தது. 'கண்டெடுத்த இடம்' என்றால் ஊர்ப்பெயரோடு நின்றுவிடும். கிடக்கை என்றால் அண்டை அயலும் உள்ளே வந்துவிடும்.

அந்த அண்டை அயலின் மதிப்புக்குப் புதுச்சேரிக்கு அருகே உள்ள அரிக்கமேடு ஒன்றே போதும். 1945இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது இத்தாலியில் செய்த அரிட்டைன் பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றின் காலம் ஐரோப்பிய ஆய்வாளர்களுக்கு முன்பே தெரியும். அவற்றோடு தொடர்புடைய அடுக்குகளில் ரௌலெட்டட் வகை (உட்புறத்தில் வளைய வளையமாகப் புள்ளிகள் பதித்த) ஓடுகளும் இருந்தன. வெளிநாட்டு ஓட்டின் காலத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே கிடந்த மற்றவற்றுக்குக் காலம் குறித்தார். பிறகு அதே வகை ஓடு வேறு எங்கே கிடைத்தாலும் அந்த இடத்துக்கும் ஒரு கால அளவு கிடைத்தது. பின்வந்தவர்கள் வீலரின் காலக்கணிப்பைத் திருத்தினார்கள், அது வேறு கதை. ஆனால் திருத்த முடிந்ததே கிடக்கை பதிவாகியிருந்ததால்தான். அதே ஓடுகளை ஒருவர் பொறுக்கியெடுத்துக் கழுவிக் கண்ணாடிப் பேழையில் வைத்திருந்தால், அழகான ஓடுகள் என்பதற்கு மேல் நமக்கு எதுவும் தெரிந்திருக்காது.

> கிடக்கை என்றதும் 'உள்ளக்கிடக்கை' நினைவுக்கு வருகிறதே?

வரட்டும். அதுவும் வெளியே தெரியாமல் உள்ளே கிடப்பதுதான்.

இரண்டாவதற்கு, அதாவது பொருள் கைமாறி வந்த தடத்துக்கு, 'கைவழி' என்கிறேன். புறநானூற்றில் கைவழி என்பது யாழைக் குறிக்கிறது என்று யாராவது எழுதுவீர்கள், எனக்கும் தெரியும். யாழ் வழக்கொழிந்து நெடுநாளாகிறது, சொல்லை விடுவிக்கலாம். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராசரை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு அதை வாங்கியபோது கூடவே ஆவணங்களும் வந்தன. எல்லாம் போலி. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படம் அதே சிலையைக் கோயிலில் காட்டியது. 2014இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. அங்கே பொய்யானது கைவழி. 'மூலம் பொய்' என்று எழுதினால் சிலையே போலி என்று பொருள்பட்டுவிடும். சிலை அசல், காகிதம்தான் போலி.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. கிணறு வெட்டும்போது கிடைத்த தாழியை ஒரு விவசாயி அன்றைக்கே அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கிறார். கைவழியில் ஒரே ஒரு கை, அப்பழுக்கில்லை. கிடக்கையோ கடப்பாரை பட்டதோடு போயிற்று.

ஆவணக் காப்பகத்தார் இதே ஆங்கிலச் சொல்லை வேறு பொருளில், ஆவணத்தை உருவாக்கிய அலுவலகத்தைக் குறிக்க, ஆள்கிறார்கள். அதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

—

மறு: மறு: புரொவெனன்ஸ் – ஒரு சொல் போதாது

ஐயா, கிடக்கை சரி. ஆனால் இரண்டையும் இப்படிக் கறாராகப் பிரிக்க முடியுமா? தமிழகத்தின் பத்தூர்க் கோயில் நடராசர் 1976இல் மண்ணிலிருந்து வெளிவந்து, பல கைகள் மாறி லண்டன் போய், 1991இல் திரும்பினார். அவரை மீட்க லண்டனில் நடந்த வழக்கில் சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும் ஆராய்ந்தார்கள். கைவழியை நிறுவக் கிடக்கையே சாட்சி சொன்னதல்லவா? இன்னொன்று: பதிவேட்டில் 'கிடக்கை தெரியாது' என்று மட்டும் எழுதினால் போதாது. யாரும் குறித்துவைக்காததும் தோண்டி அழிக்கப்பட்டதும் ஒன்றல்ல.

—

ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சி சொல்ல வேண்டுமானால் இரண்டும் தனித்தனி ஆளாக இருக்க வேண்டுமே! பத்தூரை என் கட்சிக்கே சேர்த்துக்கொள்கிறேன்.

உங்கள் இரண்டாவது கருத்துக்குத் தலைவணங்குகிறேன். 'பதியாக் கிடக்கை', 'அழிந்த கிடக்கை' என்று பிரிக்கலாம். முன்னதற்குப் பழைய நாட்குறிப்பிலோ புகைப்படத்திலோ விடை மாட்டக்கூடும் என்பதால் தேடிப் பார்க்கலாம். பின்னதைத் தேடிப் பயனில்லை. பட்டியலில் இரண்டையும் சேர்த்துவிட்டேன். கைவழிக்குப் பதில் 'வந்தவழி' போதும் என்று இருவர் தனிமடல் எழுதியிருக்கிறார்கள். எளிமைதான், மறுக்கவில்லை. ஆனால் 'வந்தவழி' பொருள் தானாக நடந்து வந்ததுபோல ஒலிக்கிறது. கொண்டுவந்தவர் அதில் மறைந்துபோகிறார். வெள்ளிக்கிழமை வரை இதைத் திறந்தே வைக்கிறேன்.