பழைய ஸ்விஃப்ட் டீசலுக்கு ரீமேப் செய்யலாமா?

சேலத்து டீசல்:
2013 மாடல் ஸ்விஃப்ட் டீசல், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. கொஞ்ச நாளாக இழுவையே இல்லை. நாலு பேர் ஏறி தொப்பூர் மேட்டில் தர்மபுரி பக்கம் போனால் கியரைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும் மேப்பை, அதாவது டீசல் ஊற்றும் கணக்கை, மாற்றி எழுதுவது) செய்யும் ஒருவரிடம் கேட்டேன், 75 குதிரைத்திறனை 95 ஆக்கித் தருகிறேன், மைலேஜும் குறையாது என்கிறார். செய்யலாமா?

டர்போ தம்பி:
தாராளமா செய்யுங்க அண்ணா. உங்க ஸ்விஃப்டில் இருக்கிற இதே 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜினை மாருதியின் எர்டிகாவில் 90 குதிரைத்திறன் என்று போட்டு விற்றார்கள். கம்பெனிக்காரன் இசியூவை (இன்ஜின் கம்ப்யூட்டர்) எழுதும்போது மட்டமான டீசல், கத்திரி வெயில், சர்வீஸே விடாத ஓனர் எல்லாவற்றையும் மனதில் வைத்து ஏகப்பட்ட மிச்சம் விட்டுத்தான் எழுதுவான். அதில் கொஞ்சத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். என் போலோவில் செய்து ரொம்ப நாளாச்சு, ஒரு குறையும் இல்லை.

கிரீஸ் கை:
அந்த 90 கணக்கை நம்பி இறங்காதீங்க சார். எர்டிகாவில் இருந்தது வேகத்துக்குத் தகுந்தபடி உள்ளே தகடுகள் திரும்பும் வேரியபிள் ஜியாமெட்ரி டர்போ, உங்கள் ஸ்விஃப்டில் இருப்பது அப்படித் திரும்பாத ஃபிக்ஸட் டர்போ. பெயர்தான் ஒன்று, காற்றைத் தள்ளும் சாமான் வேறு.

அது கூட அப்புறம். "கொஞ்ச நாளாக" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வாங்கியபோது இருந்த இழுவை இப்போது இல்லை, ஆனால் இசியூவில் இருக்கும் மேப் அன்றைக்கு எழுதியது அப்படியேதான் இருக்கிறது, தானாக அழிந்துபோகாது. அப்படியென்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. இந்த வயசு வண்டியில் வழக்கமாக மாட்டுவது டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று கொண்டுவரும் ஹோஸ் (குழாய்). மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ளே போன காற்றை அளந்து இசியூவுக்குச் சொல்லிவிடும், அதற்கு அப்புறம் ஹோஸில் ஒரு கீறல் இருந்தால் காற்று வழியிலேயே வெளியே போய்விடும், இசியூவோ முழுக் காற்றும் வந்துவிட்டதாக நினைத்து அதற்குத் தகுந்த டீசலை ஊற்றும். விளைவு கறுப்புப் புகை, இழுவை குறைவு, மைலேஜ் அடி. இந்த நிலையில் ரீமேப் போட்டால் இன்னும் டீசல் ஊற்றச் சொல்கிறோம். எக்ஸாஸ்ட் சூடு ஏறும், ஏற்கெனவே மூச்சுவாங்கும் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும். காய்ச்சல்காரனை எழுப்பி ஓட்டப்பந்தயத்தில் விடுகிற வேலை.

டர்போ தம்பி:
ஒர்க்‌ஷாப்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் பயமுறுத்துவீர்கள். ஸ்கேனரைச் செருகி எரர் கோடு (பழுது எண்) வந்தால் பார்ட் மாற்றுவது, வராவிட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று அனுப்புவது, அதுதானே நடக்கிறது? ரீமேப் செய்யும் நல்ல ட்யூனர் வண்டியை ஓட்டவிட்டு பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்), ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போகும் டீசலின் அழுத்தம்), காற்றளவு மூன்றையும் லாக் (பதிவு) எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறப்பார். ஹோஸ் கீறல் லாக்கிலேயே தெரிந்துவிடும். ஃபிக்ஸட் டர்போ என்றால் 95 வேண்டாம், 85-90 போதும் என்று அவரே சொல்லுவார்.

கிரீஸ் கை:
அப்படிப்பட்ட ட்யூனர் இருந்தால் நான் கும்பிடுகிறேன். இவரிடம் பேசியவர் வண்டியைப் பார்க்காமலே 95 என்று சொல்லியிருக்கிறார், அதைக் கவனித்தீர்களா?

ஆர்சி புக்:
நடுவில் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்சியில் இருக்கும் விவரம் கம்பெனி கொடுத்த அளவிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை வைத்துக் கறாராகவே சொன்னது. சாஃப்ட்வேரை யார் பார்க்கப் போகிறார்கள் என்பீர்கள். பெரிய ஆக்சிடென்ட் ஆகி இன்ஷூரன்ஸ் சர்வேயர் வரும்போது பார்ப்பார்கள். இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் செய்த மாற்றம் என்றால் க்ளெய்மில் இழுத்தடிப்பார்கள்.

டர்போ தம்பி:
அலாய் வீல் போட்டதற்கும் இதையேதான் சொன்னீங்க பாஸ். ஊரில் பாதி வண்டி சட்டவிரோதம்தான்.

சேலத்து டீசல்:
எல்லோருக்கும் நன்றி. புகை கொஞ்சம் தள்ளுவது உண்மைதான், வயசான வண்டி என்று விட்டுவிட்டேன். ஏர் ஃபில்டர் வெளியில் வாங்கிய ஃப்ரீ ஃப்ளோ (காற்று தாராளமாகப் போவதற்கு), எண்ணெய் தடவுகிற வகை. டீசல் ஃபில்டர் எப்போது மாற்றினது என்று பில் எதுவும் இல்லை. ஆயில் மட்டும் தவறாமல் மாற்றுகிறேன், பக்கத்து மெக்கானிக் ஊற்றுவது என்ன கிரேடு என்று கேட்டதில்லை.

கிரீஸ் கை:
சரி, முதலில் அந்த ஏர் ஃபில்டரைக் கழற்றி கம்பெனி பேப்பர் ஃபில்டர் போடுங்க. ஃபில்டரில் தடவின எண்ணெய் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரின் கம்பியில் படிந்தால் காற்றைத் தப்பாக அளக்கும், குறைவாகக் காட்டினால் இசியூ டீசலையும் குறைத்துவிடும். சென்சாரை அதற்கான ஸ்ப்ரேயால் மட்டும் சுத்தம் செய்யுங்க, துணியால் தொடாதீங்க. டீசல் ஃபில்டர் மாற்றுவது சின்னச் செலவு, அது அடைத்தால் ரெயில் பிரஷர் மேட்டில்தான் விழும், நீங்கள் சொல்லும் தொப்பூர் கதை அதற்கும் பொருந்துகிறது. எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வில் கரி எவ்வளவு என்று திறந்து பாருங்க. ஆயிலுக்கு மேனுவலில் போட்டிருக்கும் கிரேடு எதுவோ அதுதான், கேன் சீலை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்க. டர்போ நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது, அதன் பேரிங்குக்கு அந்த ஆயில்தான் எல்லாம்.

டர்போ தம்பி:
இதில் எதையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லையே. இதெல்லாம் முடித்து, லாக்கும் சுத்தமாக வந்தால் அப்போது ரீமேப்புக்கு ஓகேவா, இல்லை அப்போதும் வேறு காரணம் வருமா?

கிரீஸ் கை:
வரும். கிளட்ச் மாற்றியாச்சா? ஒன்றரை லட்சம் ஓடின கிளட்ச் இந்த இன்ஜினின் இப்போதைய 190 நியூட்டன் மீட்டர் டார்க்கையே (முறுக்கு விசை) எப்படித் தாங்குகிறது என்று பார்க்கணும். நாலாவது கியரில், மேட்டில், ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தால் ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது, ரீமேப் பணத்தை அப்படியே கிளட்சுக்குப் போடுங்க.

சேலத்து டீசல்:
கிளட்ச் கம்பெனியில் வந்ததுதான், மாற்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தொப்பூரில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.