பவுலும் யாக்கோபும் மோதிக்கொள்கிறார்களா?

கேள்வி:
ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ரோமர் 3:28 வாசித்து முடித்ததும் ஒரு பையன் யாக்கோபு 2:24-ஐப் புரட்டி என் முன்னால் நீட்டிவிட்டான். விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுகிறோம், அதாவது கடவுள் நம்மை நீதிமானாக ஏற்றுக்கொள்கிறார் என்கிறார் பவுல். விசுவாசத்தால் மாத்திரமல்ல, கிரியைகளாலும் (நற்செயல்களாலும்) என்கிறார் யாக்கோபு. இருவரும் சாட்சிக்கு அழைப்பதோ அதே ஆபிரகாமை! பையனுக்கு என்ன சொல்வது?

பதில்:
ஆபிரகாமின் வயதைக் கணக்கிடச் சொல்லுங்கள். அவர் விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டது ஆதியாகமம் 15-இல். அதற்குப் பிறகே அவர் மகன் இஸ்மவேல் பிறக்கிறான். அப்போது அவருக்கு 86 வயது. விருத்தசேதனம் 99 வயதில். இன்னொரு மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்தியது அதற்கும் வெகுகாலம் கழித்து, 22-ஆம் அதிகாரத்தில். பவுல் பிடித்துக்கொள்வது முதல் சம்பவத்தை, யாக்கோபு கடைசிச் சம்பவத்தை. கடவுள் எப்போது ஏற்றுக்கொண்டார் என்பது ஒரு கேள்வி. அந்த விசுவாசத்துக்கு உயிர் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

பதில்:
நான் கத்தோலிக்கன். நற்செயலால் மீட்பைச் சம்பாதிக்கலாம் என்று நாங்கள் நம்புவதாக வழக்கமாகச் சொல்வதை யாராவது ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: அருளை நற்செயலால் சம்பாதிக்க முடியாது என்று 1547-இல் எங்கள் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கமே சொல்லியிருக்கிறது. 1999-இல் லூத்தரன் சபைகளோடு ஆக்ஸ்பர்க்கில் இதைப் பற்றிய கூட்டறிக்கையும் கையெழுத்தானது. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை என்பதும் உண்மை.

கேட்டவர்:
நன்றி. வயதுக் கணக்கு பையனுக்குப் பிடிக்கும். ஆனால் இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கி, பரதீசு வாக்குப் பெற்ற கள்ளனைப் பற்றி நிச்சயம் கேட்பான். அவனுக்குக் கிரியை செய்ய நேரமே இல்லையே?

பதில்:
லூக்கா 23:40-ஐப் பாருங்கள். சாகும் நேரத்திலும், இயேசுவைப் பழித்த மற்றக் கள்ளனைக் கண்டித்தான். அதுவே அவன் கிரியை.