டில் ட்யூஸ்டேன்னா செவ்வாய்க்கிழமை லீவா, வேலையா?

2023 பொங்கல் அப்ப நடந்தது. ஞாயித்துக்கிழமை பொங்கல், செவ்வாய்க்கிழமை காணும் பொங்கல், அதனால அமெரிக்கா டீமுக்கு 'ஐ ஆம் ஆன் லீவ் டில் ட்யூஸ்டே'ன்னு ஒரு வரி மெயில் தட்டிட்டு தஞ்சாவூருக்கு பஸ் ஏறிட்டேன். செவ்வாய்க்கிழமை பொழுது சாயுற நேரம், குடும்பத்தோட கல்லணையில உக்காந்து புளியோதரை பொட்டலத்தை பிரிக்கறேன், போன் அடிக்குது, எடுத்துப் பாத்தா அதுக்கு முன்னாடியே ஆறு மிஸ்டு கால். அங்க காலைல எட்டு மணி, க்ளையண்டை உக்கார வெச்சுட்டு எனக்காக காத்துட்டு இருக்காங்க.

'இன்னிக்கு வந்துடுவேன்னுதானே எழுதியிருந்தீங்க'ன்னு கேட்டாங்க, எனக்கு கோவம்தான் வந்துச்சு. நம்ம ஊர்ல செவ்வாய்க்கிழமை வரைக்கும் லீவுன்னா செவ்வாயும் லீவுதான், யாருக்கும் சந்தேகமே வராது. டில், அன்டில் ரெண்டுலயும் அந்த உறுதி கிடையாது. லீவுன்னு வந்துட்டா அன்னிக்கு ஆள் திரும்பிடுவாங்கன்னுதான் நிறைய பேர் எடுத்துக்குவாங்க. அந்த நாளையும் சேத்து சொல்லணும்னா அமெரிக்காகாரங்க 'த்ரூ ட்யூஸ்டே'ம்பாங்க. நான் இப்பல்லாம் 'பேக் ஆன் வெட்னஸ்டே'ன்னு எழுதி பக்கத்துல தேதியும் போட்டுடறேன், டீம்ல புதுசா சேர்ற பசங்களுக்கும் முதல்ல இதைத்தான் சொல்லித் தரேன். உங்களுக்கு இப்படி ஏதாவது ஆகியிருந்தா சொல்லுங்க.

—

அண்ணா, என்னை மாட்டிவிட்டது 'க்குள்ள'. திருப்பூர்ல ஒரு கம்பெனில மெர்ச்சண்டைசரா இருந்தப்ப லண்டன் பையர் 'சாம்பிள்ஸ் ஷுட் பி வித் அஸ் பை ஃப்ரைடே'ன்னு எழுதியிருந்தாங்க. நான் வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பினா போதும்னு நினைச்சு அன்னிக்கு மத்தியானம் கூரியர்ல போட்டுட்டு 'சென்ட் வித்தின் ஃப்ரைடே'ன்னு மெயிலும் போட்டேன். வித் அஸ்னா அவங்க கையில போய் சேந்திருக்கணும், அதை கவனிக்கவே இல்ல. வித்தின் போட்டதும் தப்பு. ரெண்டு நாளைக்குள்ளன்னா வித்தின் டூ டேஸ், வெள்ளிக்கிழமைக்குள்ளன்னா பை ஃப்ரைடே, நமக்கு ரெண்டுக்கும் ஒரே 'குள்ள'ங்கறதால கை தானா வித்தினுக்கு போயிடுது. அந்த சாம்பிளை தெச்சுக் குடுத்த அக்கா ராத்திரி பதினோரு மணி வரைக்கும் மெஷின்ல இருந்தாங்க, அவங்க முகத்தை பாக்கவே முடியல எனக்கு.

—

பீஸ் கட்டுற நோட்டீஸ்ல எதுக்கு 'ஆன் ஆர் பிஃபோர்'னு நீட்டி எழுதறாங்கன்னு நினைச்சிருக்கேன். கடைசி நாளும் கணக்குல உண்டுன்னு சண்டையில்லாம சொல்ல அதுதான் வழி போல. நாளைக்கே எங்க ஆபீஸ் லீவ் பார்ம்ல 'டில்'லை எடுத்துட்டு 'வேலைக்கு திரும்பும் தேதி'ன்னு ஒரு கட்டம் போடச் சொல்லப் போறேன்.