கோபா அமெரிக்கா பத்து டீமுக்கு மட்டும்தானா? வெளி டீம், வெளிநாட்டு கிரவுண்டு பத்தி ஒரு பஞ்சாயத்து

செலஸ்தே_பித்தன்:
தென் அமெரிக்க நாடுங்களோட கால்பந்து கப்பான கோபா அமெரிக்காவோட 2024 பைனல் அன்னைக்கு அஞ்சரை மணி மேட்சுக்கு அலாரம் வச்சு எழுந்து உக்காந்தா மேட்ச் ஆரம்பிக்கவே இல்ல, மியாமி ஸ்டேடியம் கேட்ல டிக்கெட் இல்லாத கூட்டம் முட்டி மோதுது, வேலி ஏறிக் குதிக்கிறாங்க, காசு குடுத்து டிக்கெட் வாங்கினவன் குழந்தையத் தூக்கிக்கிட்டு மூச்சு விட முடியாம நிக்கிறான், கடைசியில 82 நிமிஷம் லேட்டா கிக்காஃப். அதுக்கு மேல ஹாஃப் டைம் ஷகிரா பாட்டுக்காக 25 நிமிஷம். அன்னைக்கு வந்த கோவம் எனக்கு இன்னும் அடங்கல.

இது 1916ல புவெனஸ் ஐரஸ்ல அர்ஜென்டினா, உருகுவே, பிரேசில், சிலின்னு நாலே நாலு டீம் ஆடி ஆரம்பிச்ச கப்பு. உலகக் கோப்பை 1930லதான் வந்துச்சு, யூரோ 1960லதான். இவ்ளோ பழைய கப்பைக் கொண்டுபோய் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுற ஸ்டேடியத்துல வச்சு, 105க்கு 68 மீட்டர் இருக்க வேண்டிய கிரவுண்ட 100க்கு 64ன்னு சுருக்கி, தென் அமெரிக்காவோட பத்து டீம் போக வெளிய இருந்து இன்னும் ஆறு டீம சேத்து, குவாட்டர் செமியில எக்ஸ்ட்ரா டைமே கிடையாது நேரா பெனால்டின்னு சொல்லிட்டாங்க. 1919ல பிரேசிலும் உருகுவேயும் ரியோவுல பிளேஆஃப் ஆடினப்போ 90 நிமிஷம் பத்தாம, எக்ஸ்ட்ரா டைம் பத்தாம, இன்னொரு எக்ஸ்ட்ரா டைம் வச்சு மொத்தம் 150 நிமிஷம் ஆடினாங்க, ஃப்ரீடன்ரைக் அடிச்ச ஒரே கோல்ல பிரேசில் முதல் கப்பு வாங்குச்சு. அந்தக் கப்புதான் இது.

என் கருத்து, பத்து டீம் போதும், தென் அமெரிக்க மண்ணுலதான் நடக்கணும். மாத்துக் கருத்து இருந்தா சொல்லுங்க.

பத்தாம்_நம்பர்:
தல, மியாமி கேட்ல நடந்தது அசிங்கம், அதுல பேச்சே இல்ல. ஆனா அதையும் வெளி டீமையும் முடிச்சு போடாதீங்க. பத்து டீம் போதும்னு ஒரு வரியில சொல்லிட்டீங்க, பத்து டீம வச்சு எப்படி நடத்துவீங்கன்னு சொல்லுங்க. 2021ல அதான நடந்துச்சு, கூப்பிட்டிருந்த ஆஸ்திரேலியாவும் கத்தாரும் வரல, அஞ்சு அஞ்சா ரெண்டு குரூப், ஒவ்வொரு குரூப்லயும் நாலு டீம் மேல போகும், அதாவது 20 மேட்ச் ஆடி வெளிய அனுப்புனது பொலிவியாவும் வெனிசுலாவும்னு ரெண்டே ரெண்டு டீம். இதுக்குப் பேரு குரூப் ஸ்டேஜா? போதாக்குறைக்கு இதே பத்து டீமும் உலகக் கோப்பை குவாலிஃபயர்ல ஒருத்தனுக்கு ஒருத்தன் ரெண்டு ரெண்டு தடவ, ஆளுக்கு 18 மேட்ச் ஆடுறாங்க. அதையே திரும்பக் கோபாவுலயும் பாக்கணுமா?

மண்ணு மண்ணுன்னு சொல்றீங்க, அந்த மண்ணுல நடத்த ஆள் வேணாமா? 2021ல கொலம்பியாவுல போராட்டம்னு எடுத்தாங்க, அர்ஜென்டினாவுல கொரோனான்னு எடுத்தாங்க, கடைசி நேரத்துல பிரேசில் போச்சு. 2024 ஈக்வடார் முறை, அவங்க முடியாதுன்னுட்டாங்க. அப்புறம்தான் அமெரிக்கா.

இன்னொன்னு, நான் அர்ஜென்டினா ரசிகன். 1993ல குவாயாகில்ல பாட்டிஸ்டூடா ரெண்டு கோல் அடிச்சு 2-1ன்னு ஜெயிச்ச பைனல் யாருக்கு எதிரா? மெக்சிகோ. வெளி டீம கூப்பிட ஆரம்பிச்ச முதல் வருஷமே அது பைனல் வந்துச்சு. அதுக்கப்புறம் எங்களுக்கு 28 வருஷம் ஒன்னும் கிடைக்கல.

வடசென்னை_லெஃப்ட்பேக்:
கிரவுண்ட் பத்தி மட்டும் நான் சொல்றேன் ஏன்னா அதுதான் எனக்குத் தெரியும். 64 மீட்டர்னா சைடுக்கு ரெண்டு மீட்டர் போச்சு. டிவியில பாக்கும்போது ரெண்டு மீட்டர்தானேன்னு தோணும். நான் லெஃப்ட் பேக் ஆடுறவன், எதிர் டீம் விங்கர் கோட்ட ஒட்டி நிக்கிறப்போ நான் அவன்கிட்டப் போகவா இல்ல உள்ள சென்டர் பேக் பக்கத்துலயே இருக்கவான்னு அரை செகண்ட் யோசிப்பேன், அந்த அரை செகண்ட்லதான் விங்கரே பொழைக்கிறான். கிரவுண்ட் குறுகிப்போச்சுன்னா எனக்கு யோசனையே வேணாம், ரெண்டே எட்டுல போய் மறிச்சிடுவேன். அப்போ கோட்ட ஒட்டி ஓடுற விங்கர வச்சு ஆடுற டீம் என்ன பண்ணும், கையக் கட்டிப் போட்ட மாதிரிதான். பிரேசில் உருகுவேகூட லாஸ் வேகாஸ்ல 0-0 ஆடினதப் பாருங்க, முழுக்க முழுக்க பவுல், எங்கயும் திரும்ப இடமில்ல.

புல்லும் அப்படித்தான். அட்லாண்டாவுல எப்பவும் இருக்குறது செயற்கைப் புல், அதுக்கு மேல வேற எங்கயோ வளத்த புல்லை வெட்டிக்கொண்டு வந்து விரிச்சாங்க. அப்படி விரிச்சா வேர் பிடிக்காது, ஜாயிண்ட்ல கால் வச்சா உள்ள இழுக்கும், பந்து ஒரு இடத்துல எழும்பும், ஒரு இடத்துல செத்துப்போகும். முதல் மேட்ச் முடிஞ்ச உடனே அர்ஜென்டினாவோட எமி மார்டினெஸ் வாய்விட்டே திட்டினாரு. ஜெயிச்ச டீமோட கோல்கீப்பர் அவரு, தோத்துட்டு சாக்கு சொல்லல.

ஸ்கார்பரோ_வாசி:
வணக்கம், கன காலமா வாசிச்சுக்கொண்டு இருக்கிறன், இண்டைக்குத்தான் எழுதுறன். நீங்கள் வெளி டீம் எண்டு கதைக்கிறது எங்கட டீமை. நான் கனடாவில இருபது வருசத்துக்கு மேல இருக்கிறன், என்ர மகன் இங்கதான் பிறந்தவன். 2024லதான் கனடா முதல்முறை கோபா விளையாடினது. சும்மா கூப்பிட்டு வரேல்ல, மார்ச்சில டிரினிடாட்டை 2-0 எண்டு வெண்டுதான் உள்ள வந்தது.

முதல் மேட்ச் ஆர்ஜென்டினாவிட்ட தோல்வி. பிறகு பெருவை 1-0, ஜோனதன் டேவிட் அடிச்ச கோல். சிலியோட சமன். குவாட்டர்ல வெனிசுலா. அந்த ராத்திரி நானும் மகனும் நித்திரை கொள்ளேல்ல. நாங்கள் 1-0 முன்னுக்கு நிக்கேக்க அவையின்ர ரொண்டோன் தூரத்தில நிண்டு எங்கட கோலி முன்னுக்கு வந்ததைப் பாத்து தலைக்கு மேலால தூக்கி அடிச்சார், பந்து துள்ளித் துள்ளிப் போய் உள்ள விழுகுது, மகன் தலையணைக்குள்ள முகத்தை வச்சிட்டான். பிறகு பெனால்டி. கடைசி அடி எங்கட கோனே. அது உள்ள போன நேரம் பதினொரு மணிக்கு மேல, பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் திறந்து சனம் வெளிய வந்து கத்துது. என்ர பிள்ளை ஒரு நாட்டுக்காக அப்பிடிக் கத்தினதை நான் அண்டைக்குத்தான் முதல்முறை பாத்தனான். இது உங்களுக்கு வேண்டாத மேட்ச் எண்டு சொன்னா எனக்கு மனசு நோகும் அண்ணை.

செலஸ்தே_பித்தன்:
அண்ணே உங்க மகன் கத்தினத வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வராது, அந்தக் கனடா டீம் நல்லா ஆடுச்சு, மூணாவது இடத்து மேட்ச்ல எங்க உருகுவேய 90 நிமிஷம் தாண்டியும் தண்ணி காட்டுச்சு, சுவாரெஸ் கடைசியில 2-2 ஆக்கலைன்னா நாங்க பெனால்டிக்கே போயிருக்க மாட்டோம்.

ஆனா வரலாறு முழுக்க வெளி டீம் இப்படி வந்ததில்ல. 2011ல மெக்சிகோ அவங்க கண்டத்துக் கப்பான கோல்டு கப்புதான் முக்கியம்னு கோபாவுக்கு 22 வயசுக்குட்பட்ட பசங்கள அனுப்பிட்டாங்க, மூணு மேட்சும் தோத்தாங்க. 2019ல ஜப்பான் ஒலிம்பிக்ஸுக்கு ரெடி பண்ற சின்னப் பசங்களத்தான் பெரும்பாலும் கொண்டுவந்தாங்க. கோவிச்சுக்காதீங்க, 2001ல கனடாவையும் கூப்பிட்டிருந்தாங்க, போட்டிய ரத்து பண்ணிட்டுத் திரும்ப நடத்துறோம்னு சொன்னப்போ விலகிட்டாங்க. பெருவுக்கோ பராகுவேக்கோ இது நூறு வருஷக் கணக்கு. சிலிக்கு 2015ல முதல் கப்பு கிடைக்க 99 வருஷம் ஆச்சு. அவன் சின்னப் பசங்கள அனுப்புவானா?

பத்தாம்_நம்பர்:
அந்த சின்னப் பசங்க ஜப்பான்தான் 2019ல உருகுவேகூட 2-2 ட்ரா பண்ணுச்சு தல, சுவாரெஸ் கவானி ரெண்டு பேரும் ஆடின மேட்ச் அது. 2001 பத்திப் பேசினா முழுசா பேசுங்க. அந்த வருஷம் விலகினது கனடா மட்டுமா? போட்டி நடந்த கொலம்பியாவுல பாதுகாப்பு இல்லைன்னு எங்க அர்ஜென்டினாவும் போகல. நூறு வருஷக் கணக்கு உள்ள டீமே வரல. அந்த எடத்துக்கு கடைசி நிமிஷத்துல ஹோண்டுராஸ கூப்பிட்டாங்க, போட்டி ஆரம்பிச்சப்புறம்தான் வந்து எறங்கினாங்க, வந்தவன் ஸ்கொலாரியோட பிரேசில 2-0ன்னு வீட்டுக்கு அனுப்பிட்டு மூணாவது இடம் புடிச்சான். அடுத்த வருஷம் உலகக் கோப்பை ஜெயிச்ச அதே கோச்.

1916 பத்தியும் ஒன்னு சொல்லணும். முதல் மேட்ச்ல உருகுவே சிலிய 4-0 ஜெயிச்சுச்சு. இசபெலினோ கிராடின் ரெண்டு கோல். உடனே சிலிக்காரங்க என்ன சொன்னாங்க, உருகுவே ரெண்டு ஆப்பிரிக்கர்கள இறக்கி ஆடுறாங்க, செல்லாதுன்னு. கிராடினும் ஹுவான் டெல்காடோவும் கருப்பினத்தவங்கங்கிறதால. நீ இந்த எடத்து ஆளு இல்லன்னு சொல்ற பேச்சு முதல் நாள்லயே இருந்துச்சு.

செலஸ்தே_பித்தன்:
இல்ல, இத நான் ஒத்துக்க மாட்டேன், ரெண்டையும் ஒன்னா வைக்காதீங்க. கிராடினும் டெல்காடோவும் உருகுவேக்காரங்க, அந்த மண்ணுல பொறந்தவங்க, தோல் நிறத்த வச்சு அவங்கள வெளியாளுன்னாங்க, அது இனவெறி, சிலியே அப்புறம் மன்னிப்புக் கேட்டாங்க. கிராடின் அந்தப் போட்டியிலயே அதிக கோல் அடிச்சவரா முடிச்சாரு. நான் பேசுறது எந்தக் கண்டத்துக் கப்புங்கிறது. ஆப்பிரிக்கக் கோப்பைக்கு ஆறு ஐரோப்பிய டீம சேத்துக்கலாம்னா நீங்களே வேணாம்பீங்க. கிராடின் பேர இந்த வாதத்துக்கு இழுத்தது எனக்குக் கஷ்டமா இருக்கு.

பத்தாம்_நம்பர்:
சரி, அந்த ஒப்பீடு தப்புதான், வாபஸ் வாங்கிக்கிறேன். 20 மேட்சுக்கு ரெண்டு டீம்ங்கிறதுக்கு மட்டும் இன்னும் பதில் வரல.

வடசென்னை_லெஃப்ட்பேக்:
12 டீம் வைங்க. 1993ல இருந்து ரொம்ப வருஷம் அப்படித்தான இருந்துச்சு, நாலு நாலா மூணு குரூப், பத்து டீம் சொந்தக்காரங்க, ரெண்டு டீம் மட்டும் வெளிய இருந்து. 16 ஆக்கினது அமெரிக்க டிக்கெட் விக்கத்தான்.

ஆனா இடம் விஷயத்துல நான் பித்தன் அண்ணன் பக்கம். 1963ல பொலிவியா ஒரே ஒரு தடவ கப்பு ஜெயிச்சாங்க, லா பாஸ்லயும் கொச்சபம்பாவுலயும் நடந்த போட்டி, கடைசி மேட்ச்ல பிரேசில 5-4. லா பாஸ் 3,600 மீட்டர் ஒசரம், அங்க ஓடினா நெஞ்சு அடைக்கும், பந்து காத்துல வேகமா பறக்கும். பிரேசில் அதே லா பாஸ்ல 1997 பைனல்ல பொலிவியாவ 3-1 ஜெயிச்சாங்க, சொந்த ஊருக்கு வெளிய அவங்க வாங்கின முதல் கோபாவே அதுதான், அதனாலதான் அதுக்கு மதிப்பு. டெக்சாஸ்ல கூரை மூடி ஏசி போட்ட ஸ்டேடியத்துல இது எப்படி நடக்கும்?

பத்தாம்_நம்பர்:
12க்கு நான் ரெடி. ஆனா குறுகின கிரவுண்டுக்கு அமெரிக்காவ குறை சொல்லாதீங்க. 2024 கோபா நடந்த அதே நியூ ஜெர்சி ஸ்டேடியத்துல 2026 உலகக் கோப்பைக்காக மூலை சீட்டெல்லாம் பேத்து எடுத்து 105க்கு 68 கொண்டுவந்தாங்க. ஃபிஃபா கேட்டா செய்றாங்க, கோபாவ நடத்துற தென் அமெரிக்கச் சங்கம் கான்மெபோல் கேக்கல, அவ்ளோதான். உருகுவே கோச் பியல்சா 2024ல மூணாவது இடத்து மேட்சுக்கு முன்னாடி பிரஸ் மீட்ல கொதிச்சாரே, புல் சரியில்ல, பயிற்சி கிரவுண்ட் சரியில்லன்னு. செமி முடிஞ்சு கேலரியில அடிதடி வந்து, உருகுவே பிளேயருங்க சொந்தக் குடும்பத்தக் காப்பாத்த கேலரிக்குள்ள ஏறிப் போக வேண்டியதா இருந்துச்சு, அவங்கள்ல நூனியஸுக்கு அஞ்சு மேட்ச் தடை. அந்த எடத்துல ஒழுங்கா போலீஸ் நிறுத்தாதது போட்டி நடத்துனவன் தப்பு. மொன்டெவிடியோவுல நடத்தினாலும் நடத்துறவன் அதே ஆள்தான்.

எனக்கு பிரேசில்கூட ஆடின 2021 பைனல்தான் உயிர். ரியோவோட மரகானா ஸ்டேடியத்துல கூட்டம் ரொம்பக் கம்மி, எங்க டி பால் பின்னாடி இருந்து தூக்கிப் போட்ட பந்து, பிரேசில் டிஃபெண்டர் லோடி கால நீட்டியும் எட்டல, டி மரியா ஒரே டச்ல இறக்கி கோல்கீப்பர் எடர்சன் தலைக்கு மேல தூக்கிப் போட்டான். விசில் ஊதின உடனே மெஸ்ஸி அப்படியே மண்டி போட்டு முகத்த மூடிக்கிட்டான், மொத்த டீமும் அவன நோக்கி ஓடுது. நான் டிவி முன்னாடி நின்னுக்கிட்டு அழுதேன். ஆனா 2024ல அதே மெஸ்ஸி கணுக்கால் வீங்கி பெஞ்ச்ல உக்காந்து அழுததும், லவுடாரோ 112வது நிமிஷம் அடிச்சதும், டி மரியா கடைசி மேட்ச் ஆடினதும் எனக்கு அதே அளவு உண்மைதான். ஊரு மியாமிங்கிறதால அந்த 16வது கப்பு எனக்குக் கொறஞ்சு போகல.

ஸ்கார்பரோ_வாசி:
லெஃப்ட்பேக் தம்பி சொன்ன 12 எனக்கு ஓம். ரெண்டு இடத்துக்குக் கனடா போட்டி போட்டு வரட்டும், வராட்டில் வேண்டாம். இடத்தைப் பற்றி மகனிட்டக் கேட்டனான், அவன் சொன்னது, அட்லாண்டாவை விட மொன்டெவிடியோவில கனடா விளையாடுறதைப் பாக்கத்தான் தனக்கு விருப்பம், சென்டனாரியோ ஸ்டேடியத்திலதானே முதல் உலகக் கோப்பை பைனல் நடந்தது எண்டு. நாங்கள் காசு சேத்துப் போவம். பித்தன் அண்ணை, அங்க உருகுவேயோட திரும்ப ஒருக்கா விளையாடவேணும், இந்தமுறை பெனால்டி வரைக்கும் விடமாட்டம்.

செலஸ்தே_பித்தன்:
சென்டனாரியோன்னு சொன்னதும் எனக்கு வாயடைச்சுப் போச்சு அண்ணே. 12க்கு நானும் ஒத்துக்கிறேன், ஆனா ரெண்டு டீமும் குவாலிஃபை ஆகித்தான் வரணும், முழு டீமோட வரணும், குவாட்டர்ல இருந்து எக்ஸ்ட்ரா டைம் வேணும். அமெரிக்கா விஷயத்துல பத்தாம் நம்பரும் நானும் இன்னும் ஒரு பத்து பக்கம் சண்டை போடலாம், நாளைக்கு வரேன்.