போர்ட்டா கேபின் தரை இற்றுப்போச்சு: உங்கள் அனுபவம் என்ன?

ஒரகடம் சைட்
எங்கள் போர்ட்டா கேபினில் (தூக்கி வைக்கிற தற்காலிக அறை) தரை இற்றது ஏசிக்கு நேர் கீழே. மேலே வினைல் ஷீட் பளபளவென்றுதான் இருந்தது. ஸ்டோர்கீப்பர் அண்ணன் ஃபைல் எடுக்க நாற்காலியைப் பின்னால் தள்ளினார், பின்கால் இரண்டும் தரைக்குள் இறங்கிவிட்டன. ஷீட்டைக் கிழித்துப் பார்த்தால் பிளைவுட் ஈரத்தோடு ஏடு ஏடாகக் கையோடு வருகிறது. அண்ணனுக்கு அடி இல்லை. ஆனால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

திருப்பூர்
எங்களுக்கு வாசல் பக்கம். முழுசாகப் பிரிக்கத் தேவையில்லை. பழைய பலகை மேலேயே 12 மிமீ பிளை அடித்தோம், தாங்குகிறது. கதவுதான் தரையில் உரசுகிறது. வாட்ச்மேன் தாத்தா தினமும் தோளால் முட்டித் திறப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

தூத்துக்குடி ஃபேப்ரிகேட்டர்
திருப்பூர் நண்பரே, தயவுசெய்து அப்படி விடாதீர்கள். அடியில் இருக்கிற ஈரம் புதுப் பலகையையும் தின்றுவிடும். துறைமுகம் பக்கம் ஒரு கேபினில் இப்படி மேலே அடித்ததைப் பிரித்தேன். கீழே பலகையைத் தாங்குகிற இரும்புச் சேனலைத் தட்டினேன், சுத்தியல் உள்ளே போய்விட்டது.

இற்றது வரைக்கும் மட்டும் வெட்டாதீர்கள், அடுத்த நல்ல சேனலின் நடுவரை வெட்டுங்கள். அப்போதுதான் பழசு, புதுசு இரண்டுக்கும் தாங்கல் கிடைக்கும். துருவைச் சுரண்டி பிரைமர் அடியுங்கள். எம்.ஆர். பிளை (ஈரத்தை ஓரளவுதான் தாங்கும்) வேண்டாம், தண்ணீரைத் தாங்குகிற மரைன் பிளை 19 மிமீ, ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ளதாக வாங்குங்கள். வெட்டின ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் பெயிண்ட் கட்டாயம், தண்ணீர் ஓரம் வழியாகத்தான் ஏறும். முதலில் ஏசி டிரெயின் பைப் எங்கே விழுகிறது என்று பாருங்கள். கேபினுக்கு அடியில் விழுந்தால் என்ன பலகை போட்டாலும் வீண். கேபினைக் கல் வைத்துத் தூக்கி, அடியில் காற்றுப் போக வழி விடுங்கள்.

கப்பல் கன்டெய்னரை மாற்றிச் செய்த கேபின் என்றால் தரை 28 மிமீ இருக்கும். பெரும்பாலும் பூச்சிமருந்து ஏற்றிய மரம், கதவுத் தகட்டில் விவரம் இருக்கும். அறுக்கும்போது மாஸ்க் போடுங்கள், அந்தத் தூளை எரிக்காதீர்கள்.

எலக்ட்ரீஷியன், ஓசூர்
எல்லாம் சரி, ஒயரை யாருமே சொல்லவில்லையே? பிளக் பாயின்ட்டுக்குத் தரை அடியில் ஒயர் ஓடுகிற கேபின்கள் உண்டு. ஒரு கார்பென்டர் தம்பி கட்டர் வைத்தான், நீலமாகப் பொறி பறந்தது, தம்பி சுவரில் போய் மோதினான். பிழைத்துக்கொண்டான். மெயின் ஆஃப் பண்ணி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகு பிளேடை இறக்குங்கள்.