போடிமெட்டு ஏறி மூணாறு, அப்புறம் கொழுக்குமலை: மார்ச் கடைசியில் சைக்கிளில் போகலாமா?

தாம்பரம் ரைடர்:
வணக்கம். நாங்கள் நான்கு பேர், ஈசிஆரில் மாமல்லபுரம் வரை வாரக்கடைசியில் ஓட்டும் கூட்டம். தட்டையான ரோட்டில் நன்றாகவே ஓட்டுவோம், மலை ஏறியதில்லை. மார்ச் கடைசியில் எல்லாருக்கும் ஒன்றாக லீவு கிடைக்கிறது. ரயிலில் போடிநாயக்கனூர், அங்கிருந்து போடிமெட்டு ஏறி பூப்பாறை, சூரியநெல்லி. அங்கே எங்காவது டென்ட் போட்டுத் தூங்கிவிட்டு விடியற்காலையில் கொழுக்குமலை சூரிய உதயம். அப்புறம் அங்கிருந்து காட்டு வழியாகவே குரங்கணிக்கு நடந்து இறங்கலாம், வழியில் ஒரு ராத்திரி புல்வெளியில் தங்கலாம் என்று யோசனை. சைக்கிள்களைச் சூரியநெல்லியில் விட்டுவிட்டு பிறகு வந்து எடுத்துக்கொள்வோம். கியர் என்ன வேண்டும், தண்ணீர் எவ்வளவு, டென்ட் எங்கே போடலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

போடிக்காரன்:
தம்பி, சைக்கிள் விஷயத்தை மற்றவர்கள் சொல்வார்கள். நான் குரங்கணி பற்றி மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு நீங்களாக இறங்கும் யோசனையை இன்றைக்கே விட்டுவிடுங்கள். 2018 மார்ச் 11 அன்று அந்தச் சரிவில்தான் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கினார்கள், 23 உயிர் போனது. எங்கள் ஊரில் அந்த ராத்திரியை யாரும் மறக்கவில்லை. எங்கள் பக்கம் மழை ஐப்பசி கார்த்திகையில் பெய்வது, டிசம்பரோடு முடிந்துவிடும். அப்புறம் பனியிலும் வெயிலிலும் புல் காய்ந்து காய்ந்து, மாசி பங்குனியில் ஆளுயரப் புல் முழுக்க விறகுதான். சரிவில் தீ மேல்நோக்கி ஏறுகிற வேகத்துக்கு எவ்வளவு நன்றாக ஓடுகிறவனும் ஈடு கொடுக்க முடியாது, காற்று வேறு சேர்ந்துகொண்டால் திசையே தெரியாது. நீங்கள் சொல்கிற மாதமும் அதுதான், இடமும் அதுதான். அந்தப் புல்வெளியில் டென்ட் போட்டு அடுப்பு பற்றவைப்பதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

நடக்க ஆசை இருந்தால் முறையான வழி இருக்கிறது. வனத்துறை 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. ஆன்லைனில் பதிவு செய்தால் உள்ளூர் ஆள், பல இடங்களில் பழங்குடி மக்களே, வழிகாட்டியாக வருவார்கள். குரங்கணி–சாம்பலாறு அதில் ஒன்று, கடினமான பாதைகளில் சேர்த்திருக்கிறார்கள். தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள் என்பதால் மார்ச்சுக்கு இது பொருந்தாது. மாதத்தை மாற்றுங்கள்.

மலைமிதி:
போடிக்காரர் சொன்னதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை, நான் ரோட்டுக்கு வருகிறேன்.

போடியிலிருந்து மலை அடிவாரத்து முந்தல் வரை சும்மா ஒரு வார்ம்-அப். முந்தல் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பித்தால் மெட்டு வரை விடாது, 17 கொண்டை ஊசி வளைவுகள், போடியிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள். சாய்வு செங்குத்து இல்லை, ஆனால் நீளம். ஈசிஆர் வேகத்தில் ஆரம்பித்தால் பாதி வழியில் கால் செத்துவிடும். முன்னால் பெடல் பக்கத்துச் சின்ன கியர் தட்டில் 34 பல், பின்சக்கரத்தின் பெரிய கியர் தட்டில் 32 அல்லது 34 பல் இருந்தால் உட்கார்ந்தபடியே சுற்றிக்கொண்டு போகலாம், பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற மூச்சில் ஓட்டுங்கள். பின்னால் 25 பல்லோடு வந்தால் முட்டி பிறகு பதில் சொல்லும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு பாட்டிலாவது முந்தலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், மேலே கடையை நம்ப வேண்டாம்.

வெளிச்சம் வந்ததும் கிளம்புங்கள், ஆனால் ஜீப்களைக் கவனியுங்கள். போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு காலையில் வரிசையாக ஏறும், சாயங்காலம் அதே வேகத்தில் இறங்கும். வளைவில் உள்பக்கத்தை வெட்டி ஏறாதீர்கள்.

மெட்டோடு ஏற்றம் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். பூப்பாறை வரை இறக்கம், அப்புறம் ஆனையிறங்கல் அணை, பெரியகானல், மூணாறு போகும் மலை இடுக்கு வழியான கேப் ரோடு என்று மறுபடியும் ஏற்றம். எனக்கு இந்தப் பகுதிதான் பிடிக்கும், ஒரு பக்கம் தேயிலை, கீழே அணைத் தண்ணீர். இறக்கத்தில் சக்கர விளிம்பைக் கவ்வும் ரிம் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே போகாமல் விட்டு விட்டுப் பிடியுங்கள், சூடேறினால் டியூப் வெடிக்கும். மழைக்காலத்தில் மெட்டு ரோட்டிலும் சரி, கேப் ரோட்டிலும் சரி, மண்ணும் பாறையும் சரியும், அந்த மாதங்களில் வராதீர்கள்.

தாம்பரம் ரைடர்:
போடிக்காரர் அண்ணா, மிக்க நன்றி. 2018 செய்தி தெரியும், ஆனால் நாங்கள் குறித்த பாதை அதே சரிவு என்று தெரியாது. மார்ச் கிடையாது, நண்பர்களிடம் சொல்லிவிட்டேன். ஜனவரிக்கு மாற்றுகிறோம். சூரியநெல்லி பக்கம் டென்ட் போடுவது பற்றி யாராவது சொல்லுங்களேன்?

ஏலக்காடு:
சூரியநெல்லி பக்கத்துச் சின்னக்கானலில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அடிக்கடி போவேன். இது யானைக் காடு. ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் இங்கிருந்துதான் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள், அது மே மாதம் கம்பம் ஊருக்குள் வந்து, ஜூனில் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அது போய்விட்டது என்று நிம்மதியாக இருக்க முடியாது, மற்ற யானைகள் ஆனையிறங்கல் சுற்றி இங்கேயேதான் இருக்கின்றன. தண்ணீருக்கு இறங்கி ரோட்டைக் கடக்கும்.

சைக்கிளில் ஒரு ஆபத்து, சத்தமே கிடையாது. வளைவில் திரும்பும்போது நீங்கள் வருவது யானைக்கும் தெரியாது, அது நிற்பது உங்களுக்கும் தெரியாது. ஜீப்காரர்கள் நின்றால் நீங்களும் நில்லுங்கள், தாண்டிப் போகாதீர்கள். இருட்டிய பிறகு அந்த ரோட்டில் சைக்கிள் வேண்டவே வேண்டாம்.

டென்ட்டை அணைக்கரையிலோ தேயிலைக்குள்ளோ போடாதீர்கள். சூரியநெல்லியில் வேலி போட்டு, ராத்திரி ஆள் காவல் இருக்கிற தங்குமிடங்களில் டென்ட் போடவும் இடம் தருகிறார்கள், அதில் தங்குங்கள். வாழைப்பழம், அரிசி, பலாப்பழம் எதையும் டென்ட்டுக்குள் வைக்காதீர்கள். ஜனவரியில் குளிர் எலும்பைத் தொடும், கீழே விரிக்க நல்ல பாய் இல்லாமல் கம்பளியை மட்டும் நம்பினால் தூக்கம் வராது. கொழுக்குமலை தோட்டம் தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் வண்டிப் பாதை சூரியநெல்லி வழியாகத்தான். அது முழுக்கக் கல், ஜீப்பில் போங்கள், சைக்கிளை தங்குமிடத்தில் பூட்டி வையுங்கள்.

மலைமிதி:
அப்படியானால் வரிசை இப்படி வரட்டும்: முதல் நாள் சூரியநெல்லி, மறுநாள் விடியலில் ஜீப்பில் கொழுக்குமலை, மதியத்துக்குள் கேப் ரோடு வழியாக மூணாறு, அப்புறம் அதே வழியில் போடி. வழிகாட்டியோடு போகும் குரங்கணி–சாம்பலாறு நடையைத் தனியாகக் கடைசியில் வையுங்கள், அப்போது சைக்கிளைத் திரும்பப் போய் எடுக்கும் தலைவலியும் இல்லை.

தாம்பரம் ரைடர்:
அருமை, அப்படியே செய்கிறோம். பொங்கல் லீவில் வரலாமா?

போடிக்காரன்:
பொங்கலுக்கு வேண்டாம் தம்பி, மூணாறு ரோடு முழுக்க வண்டிதான் நிற்கும். லீவு முடிந்த அடுத்த வாரம், செவ்வாய் புதன் மாதிரி வாருங்கள். நடைக்கான பதிவை முதலில் முடித்துவிட்டு, அப்புறம் அதற்கேற்ற மாதிரி ரயில் டிக்கெட் எடுங்கள்.