எந்த வேலைக்கு எந்த மென்பொருள்? எல்லையோர அனுபவங்கள்

செங்கோட்டை, டி.டி.பி. கடைக்காரர்

செங்கோட்டையில் இருபது வருடத்துக்கு மேலாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மனு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்வோம். வருகிறவர்கள் "கம்ப்யூட்டர்ல அடிச்சுக் கொடுங்க" என்று மட்டும்தான் சொல்வார்கள். எந்த மென்பொருளில் அடிப்பது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அதில் தவறினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, தாள் அழகாகத்தான் வரும். அந்த ஃபைலை வைத்து யாராவது வேறொரு வேலை செய்யப் பார்க்கும்போதுதான் தெரியும்.

எனக்கு அது தெரியவந்தது 2012-இல். எங்கள் ஊர் 1956 நவம்பர் 1-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன்பு திருவிதாங்கூர். ஆகவே பழைய குடும்பங்களில் மலையாளப் பத்திரங்கள் நிறைய இருக்கும், தேதி மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டில் இருக்கும். ஒரு பெரியவர் அப்படி நாற்பது பத்திரங்களைத் துணிப்பையில் கொண்டுவந்தார். பாகப்பிரிவினைக்காக அவற்றைத் தமிழில் பட்டியல் போட வேண்டும். பழைய கையெழுத்து படிக்கத் தெரிந்த ஒருவரைப் புனலூரிலிருந்து கூட்டிவந்திருந்தார். அவர் படித்துச் சொல்லச் சொல்ல, எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர், சர்வே எண், அளவு, தேதி என்று அட்டவணையாக அடித்தேன். கை பழகிய பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில். பதினொரு பக்கம் வந்தது. பெரியவருக்கு ரொம்பத் திருப்தி.

இரண்டு வாரத்தில் வக்கீல் திருப்பி அனுப்பினார். தேதி வரிசையில் வேண்டும், ஒரே சர்வே எண்ணில் உள்ளவை தனியாக வேண்டும், மொத்தம் எத்தனை சென்ட் என்று வேண்டும், மெயிலில் வேண்டும். பேஜ்மேக்கர் பக்கம் அமைப்பதற்கென்றே 1985-இல் வந்த மென்பொருள். பத்திரிகைக்கும் நோட்டீஸுக்கும் அதை விட்டால் அப்போது எங்களுக்கு வேறு கிடையாது. ஆனால் அதில் வரிசைப்படுத்த முடியாது, கூட்ட முடியாது. அங்கிருந்து நகலெடுத்து மெயிலில் ஒட்டினால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடந்தன. மூன்று நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் எக்செலில், எங்கே ஒட்டினாலும் தமிழாகவே நிற்கும் யூனிகோடில் மறுபடி அடித்தேன். பெரியவரிடம் காசு வாங்க மனம் வரவில்லை.

அப்புறமும் சிக்கல் தீரவில்லை. சர்வே எண் 12/3 என்று அடித்தால் எக்செல் அதைத் தேதியாக எடுத்துக்கொண்டது. அடிப்பதற்கு முன்பே அந்த நெடுக்குப் பத்தியை "டெக்ஸ்ட்" என்று மாற்றிவிட வேண்டும்; அடித்த பிறகு மாற்றினால் ஐந்து இலக்கத்தில் ஏதோ ஓர் எண்தான் மிஞ்சும். "1 ஏக்கர் 20 சென்ட்" என்று ஒரே கட்டத்தில் எழுதியதையும் கூட்ட முடியாது. ஏக்கருக்கு 100 சென்ட் என்று மாற்றி, 120 என்று எண்ணை மட்டும் போட்டேன்.

பெரிய தொல்லை தேதிதான். கொல்லம் ஆண்டு பிறப்பது சிங்ஙத்தில், நம் ஆவணியில். அங்கிருந்து டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், ஜனவரி பிறந்தால் 825. அப்படிக் கணக்கிட்டால் கொல்லம் 1075 சிங்ஙம் என்பது 1899 ஆகஸ்ட். எக்செலின் நாட்காட்டி 1900 ஜனவரி 1-இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய தேதியை அது வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும், வரிசையில் மற்ற தேதிகளோடு சேர்க்காது. கடைசியில் எக்செல் மாதிரியே உள்ள இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் கால்கில் போட்டேன். அது 1900-க்கு முந்தைய தேதியையும் தேதியாகவே ஏற்கிறது.

அன்றிலிருந்து கடைக்கு வருகிற யாரிடமும் முதலில் ஒன்று கேட்கிறேன்: "இந்தத் தாளை வச்சு அடுத்து என்ன செய்யப் போறீங்க?" உங்கள் ஊரில் நடந்ததையும் எழுதுங்கள்.

நகரி, துணி வியாபாரக் கணக்கர்

வணக்கம் அண்ணா. எங்களுக்குத் திருத்தணி பக்கத்து ஊர், சந்தைக்குப் போவது போலப் போய்வருவோம். ஆனால் நாங்கள் ஆந்திரம், பில்லில் அது வேறு மாநிலம். தறிக்காரர்களிடம் துணி வாங்கிப் புத்தூருக்கும் விற்கிறோம், திருத்தணிக்கும் விற்கிறோம். 5 சதவீத வரி உள்ள அதே துணிக்கு, புத்தூர் பில்லில் மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என்று பிரியும். திருத்தணி பில்லில் ஒரே வரியாக, மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான ஐ.ஜி.எஸ்.டி. 5 என்று வரும்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது எங்கள் முதலாளி எக்செலிலேயே பில் போடச் சொன்னார். பழைய பில்லை நகலெடுத்துப் பெயரையும் தொகையையும் மாற்றுவோம். ஒருமுறை புத்தூர் பில்லை நகலெடுத்துத் திருத்தணிக் கடைக்குப் போட்டுவிட்டேன். தொகை சரி, வரித் தலைப்பு தவறு. சரியான தலைப்பில் மறுபடி வரி கட்டிவிட்டு, முதலில் கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்தோம். சிறிய வியாபாரத்தில் அந்தப் பணம் முடங்கினால் தறிக்கூலி நிற்கும். அந்த மாதம் எனக்குத் தூக்கமே இல்லை.

பிறகு டாலிக்கு மாறினோம். 1986-இல் பெங்களூரில் தொடங்கிய மென்பொருள் அது. எக்செல் காலியான கட்டம் போட்ட தாள் மாதிரி. நாம் எதை எழுதினாலும் வாங்கிக்கொள்ளும். கணக்கு மென்பொருளுக்கு இரட்டைப் பதிவு தெரியும், பற்று வரவு பொருந்தாவிட்டால் பதிவை ஏற்காது. வாடிக்கையாளரின் மாநிலத்தை ஒருமுறை சரியாகப் பதித்துவிட்டால் எந்த வரி என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த ஒருமுறை கவனம் வேண்டும். ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள்: 33 தமிழ்நாடு, 32 கேரளம், 37 ஆந்திரம். புதிய வாடிக்கையாளர் என்றால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு எல்லை தாண்டினால் இ-வே பில் என்கிற ஆன்லைன் சரக்குச் சீட்டு வேண்டும், அதிலும் இதே எண்தான்.

கம்பம், ஏலத்தோட்டக் கணக்கு எழுதுபவர்

எங்களுடையது சின்னது. காலையில் கம்பத்திலிருந்து ஜீப்பில் மேலே தோட்டத்துக்குப் போகிற பெண்களுக்குச் சம்பளக் கணக்கு எழுதுகிறேன். நோட்டில் எழுதியதை இரவு செல்போனில் கூகுள் ஷீட்டில் ஏற்றுவேன். நோட்டில் யாருக்காவது அரை நாள் விட்டுப்போனால் அன்றைய கூட்டல் முழுவதையும் அடித்துத் திருத்த வேண்டும். ஷீட்டில் ஓர் எண்ணை மாற்றினால் மற்றது எல்லாம் மாறிவிடுகிறது. அந்த அக்காக்களுக்கும் பார்க்கும் அனுமதி மட்டும் கொடுத்திருக்கிறேன். தங்கள் வரியைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். சனிக்கிழமை சண்டை நின்றது. குமுளியில் மலையாள போர்டு படிக்க கூகுள் லென்ஸ் உண்டு. அச்செழுத்தை நன்றாகவே படிக்கிறது, கையால் எழுதிய சீட்டை நம்ப முடியவில்லை.

மூணாறு, தமிழ்வழிப் பள்ளி ஆசிரியை

கம்பத்துத் தம்பி சொன்னதைத்தான் வகுப்பில் முதலில் காட்டுவேன். ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தானே மாறுவது என்கிற வசதியோடு 1979-இல் விசிகால்க் வந்தது. டான் பிரிக்ளினும் பாப் பிராங்ஸ்டனும் செய்தது. எக்செல், கூகுள் ஷீட் போன்ற இன்றைய எல்லா விரிதாளுக்கும் அதுதான் முன்னோடி.

கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் இயங்குதளம், அதில் லிப்ரே ஆபீஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஜியோஜீப்ரா. எல்லாம் இலவசமாகப் பகிரக்கூடியவை. இயங்குதளத்துக்கும் பயன்பாட்டு மென்பொருளுக்கும் என்ன வேறுபாடு என்று பிள்ளைகள் கேட்டால் தேயிலை பேக்டரியைச் சொல்வேன். கட்டிடமும் கரண்டும் இயங்குதளம். கொழுந்தை வாட்டுவது, உருட்டுவது, உலர்த்துவது, சலிப்பது ஒவ்வொன்றுக்கும் தனி மிஷின், அவை பயன்பாட்டு மென்பொருள்கள். உருட்டுகிற மிஷினில் சலிக்க முடியாது. அப்பா அம்மா வேலை செய்கிற இடம் என்பதால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

பெற்றோர் சிலர் வருத்தப்படுவார்கள்: "டீச்சர், தேனிப் பக்கம் காலேஜுக்குப் போனா அங்க வேர்டுதானே இருக்கும்?" என்னிடம் படித்த ஒரு மாணவி அப்படித்தான் போனாள். ப்ராஜெக்ட் எழுதும்போது எல்லோரும் தலைப்பைக் கையால் பெரிதாக்கித் தடிமனாக்கிக்கொண்டிருக்க, இவள் ஹெடிங் ஸ்டைல் போட்டாள். பொருளடக்கம் தானாக வந்துவிட்டது. லிப்ரே ஆபீஸின் சொல் செயலியான ரைட்டரில் கற்றதை வேர்டில் தேடி எடுத்திருக்கிறாள். போனில் அதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பட்டன் இருக்கும் இடம் மாறும், சொல் செயலி செய்கிற வேலை மாறாது.

களியக்காவிளை, பிளக்ஸ் அச்சகம்

அண்ணாச்சி, எங்க பாடு எழுத்துருப் பாடு. கோயில் திருவிழாவுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் பேனர் வேண்டும் என்பார்கள். வாட்ஸ்அப்பில் வந்த சின்னப் படத்தைப் பத்தடிக்கு இழுத்தால் சதுரம் சதுரமாக உடையும். போட்டோஷாப் படம் புள்ளிகளால் ஆனது. கோரல்டிராவில் வரைவது கோடுகளின் கணக்கு, எவ்வளவு இழுத்தாலும் உடையாது. ஆகவே முகத்துக்குப் போட்டோஷாப், எழுத்துக்கும் சின்னத்துக்கும் கோரல்டிரா. திருவனந்தபுரத்துக்கு ஃபைல் அனுப்பும் முன் எழுத்தைக் கர்வ், அதாவது வெறும் கோட்டு வடிவம், ஆக்கிவிடுங்கள், அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் சில்லெழுத்து என்கிற மலையாளத் தனி மெய்யெழுத்து உடையாமல் அச்சாகும். கர்வ் ஆக்காத ஒரு பிரதியும் கையில் இருக்கட்டும். கர்வ் ஆன பிறகு அது எழுத்தல்ல, படம்; அடுத்த வருடம் தேதி மாற்ற முடியாது.

கொழிஞ்சாம்பாறை, கல்லூரி மாணவி

எனக்குப் பார்வை இல்லை. திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் வழியாகத்தான் இதை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள் அது. தமிழ், மலையாளம் இரண்டையும் எனக்குப் படிக்கிறது.

செங்கோட்டை அண்ணன் சொன்ன பாமினி எனக்கு எப்படிக் கேட்கும் என்று சொல்கிறேன். போன பருவத்தில் தமிழ்ப் பாடத்துக்கு ஒரு நோட்ஸ் கிடைத்தது. யாரோ பல வருடம் முன்பு கடையில் கொடுத்து அடித்தது. தோழிகள் திரையில் பார்த்தால் அழகான தமிழ். எனக்கு "தமிழ்" என்ற சொல் வரும் இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துருவில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தெரிகிற உருவம் மட்டும்தான் தமிழ். அறுபது பக்கத்தையும் தோழி ஒருத்தி வாசித்துப் பதிவு செய்து தந்தாள். அவளுக்கும் அதே வாரம் பரீட்சை.

ஸ்கேன் செய்த பி.டி.எஃப். இன்னும் மோசம், அதில் எழுத்தே கிடையாது, பக்கம் முழுவதும் படம். களியக்காவிளை அண்ணா சொன்ன கர்வ் மாதிரிதான். பேனருக்கு அது சரி. தயவுசெய்து நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுத்தாகவும் போடுங்கள்.

செங்கோட்டை, டி.டி.பி. கடைக்காரர்

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 2005, 2006 வாக்கில் நானே அப்படி எத்தனையோ நோட்ஸ் அடித்துக் கொடுத்திருக்கிறேன். பாமினியை யூனிகோடாக மாற்ற எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கிறதா என்று கண்ணால் ஒருமுறை பார்த்துத் திருத்தினால் போதும். அந்த அறுபது பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், ஒரு வாரத்தில் வேர்டில் தருகிறேன். என் பழைய கணினியில் இருக்கும் பாட நோட்ஸையும் ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கிவிட்டேன். ஒரு சந்தேகம், அட்டவணை வந்தால் எப்படிப் போட வேண்டும்?

கொழிஞ்சாம்பாறை, கல்லூரி மாணவி

ரொம்ப நன்றி அண்ணா. அட்டவணை போடலாம், கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு அம்புக்குறியால் கட்டம் கட்டமாகப் போய்விடுவேன். ஸ்பேஸ் தட்டித் தட்டிப் பத்தி பிரிக்காமல், வேர்டிலேயே டேபிள் செருகிப் போடுங்கள். கட்டங்களை ஒன்றாக இணைக்க வேண்டாம், எந்தப் பத்தியில் நிற்கிறேன் என்று தெரியாமல் போகும். முதல் வரியைத் தலைப்பு வரி என்று குறித்துவிடுங்கள். தோழியிடம் சொல்லியிருக்கிறேன், இன்று இரவு ஃபைலை அனுப்புவாள்.